லாச்சியை இழுத்துப் பார்த்தல்

ஹோட்டலுக்குத் தளபாடம் வாங்க வருகிற முதலாளிமார் கடைக்குள் நுழைந்ததும் கதிரையில் உட்கார்ந்து பார்ப்பார்கள், இல்லாவிட்டால் மெத்தையைக் கையால் அமுக்கிப் பார்ப்பார்கள். அவர்களுக்குத் தளபாடம் தேர்ந்து கொடுக்கிற நான் நேரே ஒரு மேசையிடம் போய் லாச்சியை இழுப்பேன். முழுதாக வெளியே எடுத்துக் கவிழ்த்து, அடிப்பலகையைப் பள்ளம் வெட்டிச் செருகியிருக்கிறார்களா, சும்மா ஆணி அடித்திருக்கிறார்களா என்று பார்ப்பேன். பிறகு உள்ளே வைத்து, ஒரு மூலையில் மட்டும் ஒற்றை விரலை வைத்துத் தள்ளுவேன். கோணாமல், சிக்காமல் போக வேண்டும். போகாவிட்டால் அந்தக் கடையில் கட்டில் விலைகூடக் கேட்க மாட்டேன்.

ஒரு லாச்சிக்குள் செய்தவருடைய குணம் முழுவதும் இருக்கிறது. மரம் காய்ந்ததா, பச்சையா என்பது அதில் தெரியும். பொருத்துக்குப் பொறுமை இருந்ததா, வாரக் கடைசிக்குள் முடிக்கிற அவசரம் இருந்ததா என்பதும் தெரியும். வெளியே தெரிகிற முகப்பை எல்லோரும் பளபளவென்று பொலிஷ் பண்ணுவார்கள். லாச்சியின் பின்பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை என்ற நம்பிக்கையில்தான் பாதித் தளபாடங்கள் விற்பனையாகின்றன.

மலைக்கு வந்ததும் முதலில் நோய்ப்படுவதும் லாச்சிதான். எங்கள் ஊர் வட்டகொடை நாலாயிரம் அடிக்கு மேலே இருக்கிறது. மே மாதத்தில் தென்மேல் பருவமழை இறங்கினால் செப்டெம்பர் வரைக்கும் துணி காயாது, உப்பு கசியும், தீப்பெட்டி உரசினால் பற்றாது. பிற்பகல் மூன்று மணிக்கெல்லாம் பனிமூட்டம் ஜன்னலுக்குள்ளேயே வந்து நிற்கும். பிறகு பெப்ரவரி, மார்ச்சில் பகல் வெயில் சுள்ளென்று காய்கிறது. இரவில் விருந்தாளிக்காகக் கணப்படுப்பில் விறகு எரிகிறது. இரண்டுக்கும் நடுவில் மரம் குடிப்பதும் கக்குவதுமாக இருக்கிறது. நீளவாக்கில் மரம் அவ்வளவாக அசையாது. அகலவாக்கில்தான் பருக்கும், சுருங்கும். இரண்டு அடி அகலமான தேக்குப் பலகை, உள்ளே இருக்கும் ஈரம் நூற்றுக்கு நாலு பங்கு மாறினால், நாலைந்து மில்லிமீற்றர் கூடிக் குறையும். மரங்களில் அடக்கமானது தேக்குதான். அதற்கே இந்தக் கணக்கு. அதனால் எட்டு அங்குல உயரமுள்ள லாச்சி முகத்துக்கு மேலே இரண்டு மில்லிமீற்றர் வெளி விடாமல் செய்த மேசையை ஆடி மாதத்தில் காலால் உதைத்துத்தான் திறக்க வேண்டும். விருந்தாளி உதைக்க மாட்டார். கைப்பிடியைப் பிடுங்கிக் கையில் எடுத்துக்கொண்டு வரவேற்பு மேசைக்கு வருவார்.

மொறட்டுவையில் இதைச் சொல்லிப் புரியவைப்பது தனி வேலை. அங்கே இருக்கிற தச்சு பாஸ்மார்களின் கைக்கு இந்தத் தீவில் ஈடு கிடையாது. உளியைத் தொட்டால் மரம் பேசும். ஆனால், அவர்கள் கடற்கரைக் காற்றில் இருந்துகொண்டு கடற்கரைக் காற்றுக்குத்தான் செய்கிறார்கள்.

"நல்லாத்தானே ஓடுது?" என்பார் பாஸ், லாச்சியைத் தானே இழுத்துக் காட்டி.

"இங்க ஓடும் பாஸ். எங்கட பக்கம் வந்தா இறுகும். இன்னும் ஒரு தடவை இழைப்புளி போடுங்க."

"லூசாப் போயிடும். பார்க்கிறவன் என்னைத்தான் ஏசுவான்."

"நான் எழுதித் தாரேன், நான்தான் லூசாக் கேட்டேன்னு."

கொஞ்ச நேரம் என்னையே பார்ப்பார். பிறகு சிரித்துக்கொண்டே இழைப்பார். லாச்சி ஓடுகிற சட்டத்தில் வீட்டு மெழுகுதிரியைத் தேய்த்துவிடச் சொல்வேன். இரும்புத் தண்டவாளம் வைத்த லாச்சிகள் இப்போது நாகரிகம். மலிவான தண்டவாளம் எங்கள் ஈரத்தில் துருப்பிடித்துக் கறகறக்கிறது. மெழுகு பூசிய மரம் மரத்தோடு வழுக்கிக்கொண்டு போகிறது. எனக்கு மெழுகுதிரி போதும்.

எந்த மரம் என்று கேட்டால் எல்லோருக்கும் தேக்குத்தான் வாயில் வருகிறது. கைக்குக் கட்டுப்படியானால் நல்லது. மஹோகனியும் எங்கள் மலைக்கு ஒத்துவருகிறது, அதிகம் முறுகாது. எனக்கு மனசுக்குப் பிடித்தது பலா. புதிதில் மஞ்சளாகக் கண்ணைக் குத்தும். வருஷம் போகப் போகத் தேன் நிறமாகி, பிறகு நல்ல தேநீர்ச் சாய நிறத்துக்கு வந்து நிற்கும். அதை வேகப்படுத்துவதற்காக வார்னிஷில் சாயம் கலப்பவர்களைக் கண்டால் எரிச்சல் வருகிறது. பலாவைக் கண்டபடி வெட்ட முடியாது. 1951ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து பலாவுக்கும் ஈரப்பலாவுக்கும் அனுமதி வேண்டும், லொறியில் ஏற்றுவதற்கும் பத்திரம் வேண்டும். பத்திரம் காட்டாத மரத்தை நான் தொடுவதில்லை. ஹோட்டல்காரருக்குப் பொலிஸ் நிலையத்தில் வேலை இருக்கக் கூடாது.

இறப்பர் மரத்தில் செய்த கதிரைகள் மலிவு, பார்வைக்கும் வெளிச்சமானவை. மருந்து ஏற்றிக் காயவைத்த பலகையாக இருந்தால் சாப்பாட்டறைக்கு வாங்கலாம். மருந்து ஏறாத இறப்பர் மரத்தை உளு தின்னும். ஒரு நாள் காலையில் கதிரையின் கீழே மாவு கொட்டியது போல் வெள்ளைத் தூள் கிடக்கும். அழுத்திய தூள்பலகை அலுமாரிகளைப் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். தரை துடைக்கிற ஈரத்துணி தொட்ட இடத்திலிருந்து கால் வீங்கும். வீங்கிய கால் திரும்ப வற்றாது.

எங்கள் கண்முன்னாலேயே நிற்கிற ஒரு மரத்தை ஹோட்டல்காரர்கள் மதிப்பதில்லை. தேயிலைக்கு நிழலுக்கென்று தோட்டம் முழுக்க நட்ட சவுக்கு. வெளிநாட்டுக்காரர் அதைச் சில்வர் ஓக் என்கிறார்கள். கால்வாசியாகப் பிளந்து அறுத்தால் பலகையில் மீன் செதில் போலப் பளபளக்கிற கோலம் விழும். கட்டில் தலைப்பலகைக்கும் அலுமாரிக் கதவின் நடுப் பலகைக்கும் அதைவிட அழகானதை நான் கண்டதில்லை. பூச்சிக்கு மருந்து வைக்க வேண்டும், பாரம் தாங்குகிற காலுக்கு வைக்கக் கூடாது. தோட்டத்தில் விறகுக்குப் போகிற மரம் என்பதால் முதலாளிமாருக்கு அதன்மேல் ஓர் இளக்காரம். "அடுப்பெரிக்கிற மரத்திலயா கட்டில்?" என்று கேட்டவர் ஒருவர், செய்து முடித்த பிறகு அது எந்த நாட்டு மரம் என்று விருந்தாளிகளை வைத்துப் புதிர் போட்டுக்கொண்டிருக்கிறார்.

நான் தளபாடத்துக்கு வந்தது கடை வழியாக இல்லை. நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் அறை துப்புரவு செய்கிற வேலையில் தொடங்கினேன். கட்டில் விரித்த கை என்பதால், ஒரு கட்டிலைப் பார்த்ததும் என் முதுகுதான் முதலில் கணக்குப் போடும். மெத்தையோடு சேர்த்து இருபத்துநாலு அங்குல உயரம் இருந்தால் படுக்கிறவருக்கும் எழும்புகிறவருக்கும் சுகம், விரிப்பவருக்கும் இடுப்பு பிழைக்கும். தாழ்வான கட்டில்கள் படத்தில் அழகு. ஒரு நாளைக்குப் பத்து அறை விரிப்பவருக்கு அது தண்டனை. கட்டிலுக்கு அடியில் ஒன்றுமே புகாதபடி தரையோடு மூட வேண்டும், இல்லாவிட்டால் தும்புத்தடி தாராளமாகப் போகிற மாதிரி ஏழெட்டு அங்குலம் தூக்க வேண்டும். இரண்டுங்கெட்டானாக மூன்று அங்குலம் விடுகிறவர்கள் ஒருநாளாவது அதன் கீழே கூட்டிப் பார்த்தவர்கள் இல்லை. மூன்று அங்குல இருட்டில்தான் சொக்ஸ், கடலைக் கோது, சில நேரம் ஒற்றைத் தோடு.

ஏப்ரல் சீசனில் நுவரெலியாப் பக்கம் போனால் இந்த முதுகுக் கணக்கு இன்னும் நன்றாக விளங்கும். குதிரைப் பந்தயம், பூக்கண்காட்சி என்று கொழும்பே மலைக்கு ஏறி வருகிறது. இருவருக்கு எடுத்த அறையில் ஐந்து பேர் வந்து இறங்குவார்கள். தரையில் இன்னும் இரண்டு மெத்தை போட வேண்டும். அப்போது செட்டியையும் டீப்போவையும் நகர்த்த வேண்டியவர்கள் இரண்டு பெண் பிள்ளைகள்தான். அதனால் அறைக்குள் வைக்கிற எதையும், கட்டிலையும் அலுமாரியையும் தவிர்த்து, இரண்டு பெண்கள் மூச்சு வாங்காமல் தூக்க வேண்டும் என்பது என் கட்டளை. கனமாக இருந்தால்தான் தரம் என்ற எண்ணம் முதலாளிமாரிடம் ஊறிப்போயிருக்கிறது. நல்ல பொருத்துப் போட்ட கதிரை கனமாக இருக்கத் தேவையில்லை. பொருத்துத் தெரியாதவர்தான் மரத்தை அள்ளிப் போடுவார்.

அலுமாரி விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரர் என்று பெயர். தோட்டத்துப் பழைய பங்களாக்களுக்குக் கருங்கல் சுவர், ஒன்றரை அடி தடிப்பு. மழைக்காலத்தில் வெளிச்சுவரின் உட்பக்கம் கையை வைத்தால் சில்லென்று ஈரம் ஒட்டும். அந்தச் சுவரோடு அலுமாரியை ஒட்டி வைத்தால் பின்பலகையில் பூஞ்சணம் பிடித்து, அங்கிருந்து விருந்தாளியின் கோட்டுக்கு ஏறும். ஆகவே அலுமாரி உள்சுவரோடு நிற்க வேண்டும். சுவருக்கும் அதற்கும் நடுவில் கை போகிற இடைவெளி வேண்டும். ஆறு அங்குலக் கால் வேண்டும். பின்பலகைக்கு மேலும் கீழும் காற்றுப் போகத் துளை வேண்டும். சில இடங்களில் அலுமாரிக்குள் ஒரு சின்னப் பல்பைப் போட்டு வைப்பார்கள், சூட்டில் ஈரம் அண்டாது என்று. துணிக்கு நடுவில் எரிகிற பல்பை நினைத்தால் எனக்குத் தூக்கம் வராது. இரண்டு நாள் தங்குகிறவர் பெட்டியைத் திறப்பதே அபூர்வம்; அவருக்குத் தேவை நாலு கொளுவி, சட்டை தொங்கவிட ஒரு திறந்த கம்பு, பெட்டி வைக்க முழங்கால் உயரத்தில் பலமான ஒரு மேடை. அந்த மேடை இல்லாத அறையில் பெட்டி கட்டில்மேல் ஏறும். ரயில் நிலையத்துச் சேறெல்லாம் வெள்ளை விரிப்பில்.

இனி வெள்ளைக்காரத் தோற்றத்துக்கு வருகிறேன். மலையகத்தில் ஹோட்டல் என்றால் துரை பங்களா மாதிரி இருக்க வேண்டும் என்று ஓர் எண்ணம் எல்லோர் தலையிலும் இருக்கிறது. அதற்கு நியாயமான முன்னோடிகளும் உண்டு. 1876இல் தொடங்கிய நுவரெலியா ஹில் கிளப் இன்றைக்கும் அந்தக் காலத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள துரைமார் பங்களாக்களை 2005இல் ரீ ட்ரெயில்ஸ் என்ற பெயரில் விருந்தாளிகளுக்குத் திறந்தார்கள். பங்களாவே பழையது என்பதால் அங்கே பழைய பாணிக் கதிரை வேஷம் போட்டதாகத் தெரியாது. அந்தப் பங்களாக்களில் ஒன்றான ரியன்சின் 1888இல் கட்டியது.

எனக்குப் பாடமாக இருப்பது வேறொன்று. கந்தப்பளையில் ஹெதர்செட் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலை மூடிக் கிடந்தது. அதை எய்ட்கன் ஸ்பென்ஸ் நிறுவனம் எடுத்து 1996இல் ஹோட்டலாகத் திறந்தது. கொழுந்து வாட்டுகிற மேல்மாடிகள் அறைகளாகின. வாட்டுவதற்குக் காற்று ஊதிய பெரிய விசிறிகளைக் கழற்றிப் பழைய இரும்புக்கு விற்காமல் இருந்த இடத்திலேயே வைத்தார்கள். 2001இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுரிமைப் பாராட்டும் கிடைத்தது. வாட்டுமாடி என்றால் எங்களுக்குத் தெரியும்: நீளமான தளம், வரிசையாக ஜன்னல், காற்று ஓடுகிற இடம். அப்படிப்பட்ட கட்டடத்துக்குள் சிங்கக்கால் வைத்த மேசையைக் கொண்டுபோய் வைத்தால் அது வந்தேறி மாதிரி முழிக்கும். கட்டடத்தின் சொந்தத் தொழிலைக் கேட்டுவிட்டுத்தான் தளபாடம் தேட வேண்டும். சீமெந்துக் கல்லில் போன வருஷம் கட்டிய ஹோம்ஸ்டேக்கு விக்டோரியா காலத்துக் கட்டில் கேட்டு வருகிறவர்களிடம் நான் இதைத்தான் மெதுவாகச் சொல்லிப் பார்ப்பேன்.

மெதுவாகச் சொல்லியும் கேட்காமல் எல்லோரும் கேட்பது சாய்மனைக் கதிரை. பிரம்பு பின்னிய நீண்ட இருக்கை, கைப்பிடிக்கு அடியிலிருந்து விரிகிற இரண்டு தண்டு, அதில் காலைத் தூக்கிப் போட்டுக்கொள்ளலாம். மலையேறி வந்த துரை பூட்ஸைக் கழற்றச் சொல்லிக் காலை நீட்டுவதற்கு ஏற்ற சாமான். எங்கள் பாட்டன்மார் பங்களா இஸ்தோப்புக்குக் கீழே முற்றத்தில் நின்றுகொண்டு அதன் அடிப்பக்கத்தைத்தான் அதிகம் பார்த்திருப்பார்கள். அதற்காக அந்தக் கதிரைமேல் எனக்குக் கோபமில்லை, செய்தவர் நம்மைப்போல் ஒரு கைத்தொழில்காரர்தான். என் வழக்கு வேறு. அதில் விழுந்தவருக்கு, அறுபது வயது தாண்டியிருந்தால், எழும்புவதற்கு ஒருவர் கை கொடுக்க வேண்டும். காலை நீட்டினால் ஆறடி இடம் போய்விடும். அதில் இருந்து யாரோடும் பேச முடியாது, எதிரில் இருப்பவருக்கு உங்கள் பாதம்தான் தெரியும். பிரம்பில் மழைக்காலத்தில் கறுப்புப் புள்ளி விழும். மாதம் ஒருமுறை சோப்புத் தண்ணீரால் துடைத்து வெயிலில் வைக்காவிட்டால் பின்னல் நைந்து தொய்யும். ஆகவே பள்ளத்தாக்கைப் பார்த்தபடி இரண்டு, அவ்வளவுதான். இருக்கையைப் பதினேழு அங்குலத்துக்கு உயர்த்தி, சாய்வைக் கொஞ்சம் நிமிர்த்திச் செய்யச் சொல்வேன். பழைய அளவை மாற்றுவது பாவம் என்று நினைக்கிற பாஸ்மாரும் உண்டு.

தேயிலைப் பெட்டியும் இப்போது நாகரிகமாகிவிட்டது. ஒட்டுப்பலகைப் பெட்டி, விளிம்பெல்லாம் தகரம், பக்கத்தில் தோட்டத்தின் பெயர் கறுப்பு எழுத்தில். தேயிலையைக் கடதாசிச் சாக்கில் கட்டத் தொடங்கிய பிறகு அது அரும்பொருளாகி, ஹோட்டல்களில் கண்ணாடி போட்ட டீப்போவாக நிற்கிறது. லயத்துக் காம்பராவில் வளர்ந்த எங்களுக்கு அது அலுமாரி, படிப்பு மேசை, வந்தவருக்கு இருக்கை எல்லாமே. அதனால் அதன் குணம் எனக்கு நன்றாகத் தெரியும்: தகர விளிம்பு முழங்காலைக் கிழிக்கும், விரிப்பை இழுக்கும். வரவேற்பறை மூலையில் செடி வைக்கலாம். கட்டில் பக்கத்தில் வைக்க ஒருபோதும் சம்மதிக்க மாட்டேன், இரவில் எழும்பி இருட்டில் நடக்கிறவர் கால் என்னாவது?

வட்டகொடைக்கு இப்போது கால்நடையாக வருகிறவர்கள் அதிகம். கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியா வரைக்கும் முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் போகிற பீக்கோ ட்ரெயில் நடைபாதையில் ஒரு பகுதி பூண்டுலோயாவிலிருந்து வந்து எங்கள் ஊரில் முடிகிறது. அடுத்த பகுதி இங்கே தொடங்கிக் கொட்டகலைக்குப் போகிறது. ஆக, இரவு தங்க ஓர் இடம் வேண்டும். வீட்டில் இரண்டு அறையை ஒழித்துக் கொடுத்தவர்கள் என்னிடம் வந்து, "அக்கா, முதல்ல செட்டி வாங்கவா, டிவி ஸ்டான்ட் வாங்கவா?" என்று கேட்கிறார்கள்.

"முதல்ல வாசல்ல ஒரு வாங்கு போடுங்க தம்பி" என்பேன்.

பதினைந்து கிலோமீற்றர் நடந்து, மழையில் ஊறி, காலுறைக்குள் அட்டையோடு வருகிறவருக்கு வீட்டுக்குள் நுழைய முன்னமே உட்கார இடம் வேண்டும். பதினாறு அங்குல உயரம். குனிந்து பூட்ஸ் கழற்ற அதுதான் வசதி. இருக்கைப் பலகையை ஒரே அகலமாகப் போடாமல் விரல் இடைவெளி விட்ட சட்டங்களாகப் போட்டால் தண்ணீர் நிற்காது. கீழே பூட்ஸ் வைக்க ஒரு தட்டு, மேலே மழைக்கோட்டுக்குக் கொளுவி, பக்கத்தில் அட்டைக்கு உப்புக் கிண்ணம். ஊர் பாஸ் யூகலிப்டஸ் மரத்தில் இரண்டு நாளில் செய்துவிடுவார். விருந்தாளிகள் பிறகு எழுதுகிற புகழுரையில் செட்டியைப் பற்றி யாரும் எழுதியதாக நான் காணவில்லை. அந்த வாங்கைப் பற்றி எழுதுகிறார்கள்.

வாங்கிய தளபாடத்தை மேலே கொண்டுவருவது தனிக் கதை, சுருக்கமாகச் சொல்கிறேன். பெரிய லொறி தோட்டத்துக் கொண்டை ஊசி வளைவில் திரும்பாது. பிரதான வீதியில் இறக்கிச் சின்ன வண்டிக்கு மாற்ற வேண்டும், அப்போது மழை பெய்யும். பங்களா அறைக்கதவு மூன்று அடி. கட்டில் என்றால் தலைப்பலகை, கால்பலகை, பக்கச் சட்டம் எல்லாம் போல்ட் போட்டுக் கழற்றிப் பூட்டுகிறதாக இருக்க வேண்டும். அந்தப் போல்ட்டுக்குரிய சாவியைக் கட்டிலின் அடிச் சட்டத்திலேயே ஒரு கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். ஆறு மாதத்தில் கட்டில் கிறீச்சிடத் தொடங்கும், சாவியைத் தேடித் தேன்நிலவுக்கு வந்தவர்களைக் காத்திருக்க வைக்க முடியாது.

சாப்பாட்டறைக்கு மேசை முப்பது அங்குலம், கதிரை பதினெட்டு. இந்தப் பன்னிரண்டு அங்குல வித்தியாசத்தைக் குழப்பினால் தோள் வலிக்கும். கைப்பிடி வைத்த கதிரை என்றால் கைப்பிடி மேசைக்கு அடியில் போகிறதா என்று பார்க்க வேண்டும், போகாவிட்டால் சாப்பிடுகிறவர் கோப்பைக்கு எட்ட நின்றுவிடுவார். நம்மவர்கள் கையால் சாப்பிடுகிறவர்கள், கோப்பையை நெருங்கி உட்கார வேண்டும். இருக்கைக்கு வெளிர் நிறத் துணி வேண்டாம். மஞ்சள் கறை வெயிலில் வெளிறும் என்பது உண்மைதான். எங்கள் ஊரில் அதற்கு வெயில் வேண்டுமே.

கடைசியாக, எத்தனை கதிரை தேவையோ அதற்குமேல் பத்துக்கு ஒன்று கூடுதலாகச் செய்விக்கச் சொல்வேன். அதே பாஸ், அதே மரம், அதே பொலிஷ். 2020இல் தொடங்கிய இறக்குமதிக் கட்டுப்பாடும் 2022 நெருக்கடியும் வந்தபோது வெளிநாட்டுக் கதிரை வாங்கிப் போட்டிருந்த இடங்களில் ஒரு கால் முறிந்தால் அதற்கு இணை கிடைக்கவில்லை. ஒரே மேசையைச் சுற்றி நாலு விதக் கதிரை நின்றதைப் பார்த்தேன். ஒவ்வொன்றின் அடியிலும் இலக்கம் எழுதி, பாஸின் தொலைபேசி இலக்கத்தை லாச்சியின் பின்பலகையில் பென்சிலால் குறித்து வைக்கிறேன். கூடுதல் கதிரைக்கு முதலாளிமார் முகம் சுளித்துக்கொண்டே காசு கொடுப்பார்கள். அடுத்த ஏப்ரலில் போய்ப் பார்த்தால் களஞ்சியம் காலியாக இருக்கும், இன்னும் இரண்டு சொல்லிவிடுங்கள் என்பார்கள்.